இதர பொருள்கள்

எதிர்வீட்டு மருமகள் போன வாரம் ஓர் இரவில் கைபேசியைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். "மாமா, நாளைக்குக் கூட்டம். பதினோராவது பொருள்ல 'மன்றத்தின் பின்னேற்புக்கு'ன்னு போட்டிருக்காங்க. அப்படின்னா என்ன?" அவள் எங்கள் பேரூராட்சியில் வார்டு உறுப்பினர். "அவசரம்னு செலவைச் செஞ்சு முடிச்சிட்டாங்கம்மா, இப்ப உங்க சம்மதத்தைக் கேக்கறாங்க" என்றேன். "முடிஞ்சதுக்கு நான் என்ன சொல்றது?" "என்ன அவசரம்னு கேக்கலாம். பதிலை எழுதி வைக்கச் சொல்லலாம். கூட்டமே அதுக்குத்தானே." அவள் திண்ணையில் உட்கார்ந்து கைபேசித் திரையை விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு பொருளாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுது, தினச்சந்தைக் குத்தகை, பிறப்பு இறப்புப் பதிவு, குடிநீர்க் குழாய் நீட்டிப்பு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வரிசை, அதே சொற்கள். பழைய கீர்த்தனை ஒன்றைப் புதுக் குரலில் கேட்பது போல இருந்தது.

எனக்கு அந்தச் சொற்கள் முதலில் அறிமுகமானது திரையில் அல்ல, மூக்கில். சைக்ளோஸ்டைல் மையின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? எழுத்தர் மெழுகுத் தாளில் இரும்பு எழுதுகோலால் கீறிக் கீறி எழுதி, உருளையில் மாட்டிச் சுற்றிய பிரதிகளைப் பியூன் சைக்கிளில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி வருவார். மிஞ்சிய ஒன்றை, ஓரத்தில் மை அப்பியதாகப் பார்த்து, பத்திரிகைக்காரப் பிள்ளைக்கு என்று எனக்குத் தருவார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டில் நடந்தபோது, இருபத்திரண்டு வயதில், ஊரின் ரகசியமே என் பையில் இருப்பதாக ஒரு பெருமிதம் இருந்தது. சட்டைப்பையில் ஒட்டிய கருமை அம்மா எவ்வளவு சோப்புப் போட்டும் போகவில்லை.

அது 1986. தமிழ்நாட்டில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருந்தது. நகராட்சிகளுக்கு அதற்கு முந்தைய தேர்தல் 1969-இல் நடந்தது என்றால், நான் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த வயதிலிருந்து மீசை முளைத்த வயது வரை எங்கள் பக்கத்து நகரங்களில் கவுன்சிலர் தேர்தல் என்று ஒன்றே கிடையாது என்று பொருள். சென்னை மாநகராட்சி 1973-இல் கலைக்கப்பட்டது. அங்கே ரிப்பன் மாளிகையில் மறுபடி மன்றம் கூட 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1882-இல் உள்ளூர்த் தன்னாட்சிக்கு வழி திறந்தவர் என்று எந்த ரிப்பன் பிரபுவின் பெயரை அந்த வெள்ளை மாளிகைக்கு வைத்தார்களோ, அந்த மாளிகைக்குள்ளேயே இருபது வருஷத்துக்கு மேல் மக்கள் தேர்ந்தெடுத்தவர் யாரும் உட்காரவில்லை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகச் சேர்ந்திருந்தேன் என்பதும், அச்சாகும் செய்தியை அங்குலக்கோல் வைத்து அளந்து பணம் தருவார்கள் என்பதும் தெரியும், அவ்வளவுதான்.

அப்போது எங்களுடையது செங்கல்பட்டு மாவட்டம். அதன் தலைநகர் காஞ்சிபுரம். ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்துக்காரர் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போனால் ஒரு பகல் முழுதும் பஸ்ஸில் கழியும். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ஆம் தேதிதான். ஆகவே எங்கள் ஜனங்களுக்கு அரசாங்கம் என்றால் அது பேரூராட்சி அலுவலகம்தான்: ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ரேடியோ அறை, கூரைமேல் சங்கு. காலை, மதியம், இரவு என்று சங்கு ஊதியதும் ஊரே கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் ரேடியோ அறைக் குழாயில் மாநிலச் செய்தி ஒலிக்கும்போது வயசாளிகள் சிமெண்ட் பெஞ்சில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். என் சிறுவயதில் அப்பாவின் சைக்கிளில் ஒரு பித்தளை வில்லை தொங்கும்; சைக்கிளுக்கு வரி கட்டியதற்கு அத்தாட்சி. அதைத் தடவிப் பார்த்தபடி பின்னால் உட்கார்ந்து போன பையனுக்கு, அந்த வில்லையின் காசில்தான் தெருக்கோடி விளக்கு எரிகிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்திருப்பேன்.

கூட்டம் காலை பதினொரு மணிக்கு. பதினொன்றரைக்குத் தலைவர் வருவார். நீளமான மேசை, அதன்மேல் பச்சைத் துணி, பாதி உடைந்த காகிதப் பாரக் கல், மேலே கடகடவென்று சுற்றும் மின்விசிறி. உறுப்பினர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்; தலைவர் அவர்களே என்று செந்தமிழில் எழுந்து நிற்பார்கள், கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள், அவர்களுக்கு அதே தெலுங்கில் பதில் வரும், எழுத்தர் இரண்டையும் தமிழில் ஒரே வரியாக்கி 'விவாதத்துக்குப் பின்' என்று எழுதிக்கொள்வார். 1960-இல் எல்லை பிரித்தபோது திருத்தணி இந்தப் பக்கமும் சத்தியவேடு அந்தப் பக்கமும் போயின. வரைபடத்தில் விழுந்த அந்தக் கோடு எங்கள் மேசைக்கு வரவே இல்லை. தீர்மானப் புத்தகத்தில் ஒருவர் தெலுங்கில்தான் கையெழுத்துப் போடுவார். நீளமான, தோல் முதுகு வைத்த பேரேடு அது. வரிசையாகத் தமிழ்க் கையெழுத்துகளுக்கு நடுவே உருண்டை உருண்டையாக அந்த ஒரு தெலுங்குக் கையெழுத்து, கோலத்தில் வைத்த பூசணிப்பூ மாதிரி இருக்கும். பெண் உறுப்பினர் ஒரே ஒருவர். அவர் சுவரோரமாக உட்காருவார். அவர் பேசியதாக என் குறிப்பேட்டில் ஒரு வரி கூட இல்லை. அவர் பேசவில்லையா, நான் எழுதவில்லையா என்பதை இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை; இரண்டாவதுதான் என்ற பயம் இருக்கிறது.

நடுவில் டீ வரும். தினத்தாள் கிழித்த துண்டில் ஆளுக்கு ஒரு போண்டா, ஒரு பிடி மிக்சர். போண்டா வந்ததும் சண்டை தணியும். எதிரும் புதிருமாக உட்கார்ந்து கத்திய இருவர் மிக்சரில் ஒருவருக்குப் பிடிக்காத முந்திரியையும் மற்றவருக்குப் பிடிக்காத கறிவேப்பிலையையும் மாற்றிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். திருவள்ளூர் நகராட்சிக் கூட்டத்துக்கும் சில மாதம் பஸ் ஏறிப் போவேன். அங்கே அமாவாசை ஒரு நிரந்தரப் பொருள். வீரராகவர் கோயில் குளத்தில் பாலும் வெல்லமும் கரைக்க வரும் கூட்டத்துக்குத் தண்ணீர்த் தொட்டி, விளக்கு, குளக்கரைச் சுத்தம். கோயிலுக்கு வருகிறவன் பெருமாளைப் பார்ப்பான். கூட்டத்துக்கு வருகிறவன் அவன் கால் கழுவத் தண்ணீரைப் பார்ப்பான் என்று அங்கே ஒரு வயதான உறுப்பினர் சொன்னார். அதையும் நான் செய்தியாக்கவில்லை.

ஏனென்றால் நான் பெரிய செய்திக்காகக் காத்திருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்த காலம். இரும்பு உருக்கும் கொட்டகைகளின் செம்மை இரவில் வானத்தில் தெரியும், அது எதிர்காலத்தின் நிறம் என்று நான் நம்பினேன். மன்றம் தொழில் வளர்ச்சி பற்றி முழங்க வேண்டும், வெளிநடப்பு நடக்க வேண்டும், தலைவர் மேசையைத் தட்ட வேண்டும். அவை எனக்குத் தேவை. அதற்குப் பதிலாக, பொருள்கள் எல்லாம் முடிந்து, பட்டியலின் கடைசியில் 'தலைவர் அனுமதிக்கும் இதர பொருள்கள்' என்று வரும்போது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் உறுப்பினர் எழுந்து நிற்பார். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். மாதாமாதம் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஸ்டேஷனுக்குப் பின்னாடி சந்துல டியூப்லைட்டு எரியல." சோக் போயிருக்கும், ஸ்டார்ட்டர் போயிருக்கும், ஒரு மாதம் ராடே இருக்காது. எலக்ட்ரீஷியன் ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவார். அடுத்த மாதம் மறுபடியும் நைனா எழுந்து நிற்பார். நான் அதற்குள் குறிப்பேட்டை மூடிப் பேனாவைச் சொருகியிருப்பேன்.

அந்தச் சந்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் பட்டணத்துக்குப் போய் இரவு கடைசி வண்டியில் திரும்பினேன். பெட்டியில் சிப்காட்டுக்கு இரவு ஷிப்ட் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். இறங்கிப் பின்சந்தில் நுழைந்தால் இருட்டு. சாக்கடை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பத்தடி நடந்ததும் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "பாத்து வாங்க தம்பி, அந்தாண்ட பள்ளம்" என்றார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் கணவருக்காக விழித்திருப்பவர். அதற்கு அடுத்த வீட்டிலும் திண்ணையில் ஒரு விளக்கு. அதற்கப்புறம் ஒன்று. அந்தச் சந்து முழுதும் பெண்கள் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காட்டிய வெளிச்சத்தில்தான் வீடு வந்து சேர்ந்தேன். வந்து, அரிக்கேன் வெளிச்சத்தில் நடந்தது எவ்வளவு அழகாக இருந்தது என்று நோட்டில் ஒரு கவிதை எழுதினேன். செய்தி எழுதவில்லை. நைனா மாதாமாதம் பேசிக்கொண்டிருந்தது அந்தத் திண்ணைகளைப் பற்றித்தான் என்று அந்தப் பையனுக்குத் தோன்றவே இல்லை. இப்போது அவன்மேல் கோபமில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, மூடிய குறிப்பேட்டைத் திறந்து கையில் கொடுக்கலாம் போல ஒரு வாஞ்சைதான் இருக்கிறது.

1991-இல் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. நகர மன்றங்களுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்த 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது, ஆனாலும் எங்கள் பச்சைத் துணி மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார 1996 அக்டோபர் ஆயிற்று. பிறகு ஐந்தைந்து வருஷமாக மூன்று முறை ஒழுங்காக நடந்தது. ஒரு முறை தலைவரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள், ஒரு முறை உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், மறுபடி நேராக. 2016 அக்டோபருக்கு அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்துவிட்டது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை வரவில்லை.

அந்த நடுவாந்திர வருஷங்களில் ஒன்றில், எங்கள் தெரு அடிபம்பு கைப்பிடி கழன்றது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான், ஊர்ச் செய்தி எழுதியே தலை நரைத்தவன், வாசலில் நின்றேன். அதிகாரிகள் கெட்டவர்கள் இல்லை. பலர் மிகவும் உழைத்தார்கள். ஆனால் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போக வேண்டும். நைனாவிடம் மனு வேண்டாம். டீக்கடையில் அவர் தோளைத் தொட்டால் போதும். தற்செயலாக ஒரு நாள் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க நேர்ந்தது. தீர்மானங்கள் வரிசையாக நிறைவேறியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு கையெழுத்து. 'விவாதத்துக்குப் பின்' என்ற சொல் எங்குமே இல்லை. வீட்டில் எல்லோரும் வெளியூர் போன பிறகு சமையலறை சுத்தமாக இருக்குமே, அந்தப் பக்கங்கள் அப்படி இருந்தன.

இப்போது மன்றக் கூடம் மாடிக்குப் போய்விட்டது. குளிர்சாதனம், சுழல் நாற்காலி, ஆளுக்கொரு மைக். வேப்பமரம் இருந்த இடத்தில் பேவர் பிளாக் பாவியிருக்கிறார்கள். சங்கு எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை, தினம் மூன்று வேளை கேட்டதை ஒரு நாள் கேட்காமல் போனதைக் கூட நாம் கவனிக்கவில்லை. சந்தைக் குத்தகை ஏலத்துக்குத் தண்டோரா போட வருகிறவர் தப்பைத் தட்டிக்கொண்டு வெயிலில் நடப்பார். 2022 ஆகஸ்டில் தண்டோரா போட அரசு தடை விதித்தது. அந்த ஒலியை நான் ரசித்தவன்தான். ஆனால் அதைத் தட்டியவர் அலுவலகப் படியேறி நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் அது போனதில் எனக்கு வருத்தமில்லை. இன்று அவர் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. அதன்படி நடந்த நகர்ப்புறத் தேர்தல் 2022-இல்தான். சுவரோரத்தில் தனியாக உட்கார்ந்த அந்த அம்மாளை நினைத்துக்கொண்டே பார்வையாளர் பெஞ்சில் நான் எண்ணிப் பார்த்தேன். மேசையின் ஒரு பக்கம் முழுவதும் சேலை. கண் கலங்கிவிட்டது.

1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம்கூட மாறிவிட்டது. 1998-இல் இயற்றி ஓரமாக வைத்திருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடப்புக்கு வந்தது. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம்; 2022-இல் அன்றைக்கு முதலமைச்சர் பம்மலில் நடந்த பகுதி சபையில் உட்கார்ந்தார். பக்கத்துப் பொன்னேரியும் திருநின்றவூரும் 2021-இல் நகராட்சி ஆயின, ஆவடி அதற்கு முன்பே மாநகராட்சி. எல்லோரும் ஒரு படி ஏறிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பொருள்களை எண் சொல்லி மொத்தமாக நிறைவேற்றி, போண்டா ஆறுவதற்குள் முடிந்துவிடும் கூட்டங்களையும் நான் பார்த்துவிட்டேன். அட்டைப் பெட்டியில் கேக், சிப்ஸ், தண்ணீர் பாட்டில். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரவர் வண்டிக்குப் போய்விடுகிறார்கள். முந்திரிக்குக் கறிவேப்பிலை மாற்றிக்கொள்ள அங்கே நேரமில்லை.

தண்ணீர்ப் பொருள் மட்டும் இன்றும் மெதுவாகத்தான் நகர்கிறது. அது வரும்போதெல்லாம் எனக்குப் பூண்டி நினைவுக்கு வரும். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி, பட்டணத்தின் தாகத்துக்காகப் பாடுபட்டு எழுப்பிய அணை அது. 1944-இல் கட்டி முடிந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை, அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அதற்கப்புறம் கிருஷ்ணா நீரும் எங்கள் மாவட்டத்து எல்லை வழியாகத்தான் பூண்டிக்கு வருகிறது. 2020 நவம்பரில் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்த நீர்த்தேக்கமும் வந்துவிட்டது. சென்னைக்கு ஐந்தாவது ஏரி அது. பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் மண்ணில் இருந்துகொண்டு, எங்கள் மன்றம் 'எட்டாவது வார்டில் ஆழ்துளைக் கிணறு மோட்டார் பழுது' என்று பேசும்போது யாரும் அவசரப்படக் கூடாது என்றுதான் விரும்புவேன். மோட்டார் ஓடாத நாளில் அந்த வார்டில் விடிவதே குடத்தோடுதான்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள சந்தில் இப்போது எல்இடி விளக்கு. திண்ணைகளை இடித்து வரிசை வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்; பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள், அறைக்கு ஆறேழு பேராக, தொழிற்சாலை ஷிப்ட் முறையிலேயே தூங்கி எழுகிறார்கள். சந்து கோடியில் சுவர் தாண்டிப் புதிதாக ஒரு குறுக்கு வழி விழுந்திருக்கிறது. கம்பம் வரை வெளிச்சம், கம்பத்துக்கு அப்பால் இருட்டு. அந்த இருட்டில் அந்தப் பிள்ளைகள் கைபேசியில் டார்ச் போட்டுக்கொண்டு வரிசையாக வருவதை நான் மாடியிலிருந்து பார்ப்பேன். அரிக்கேன்கள் எழுந்து நடந்து வருவது போல இருக்கும்.

இதை எதிர்வீட்டு மருமகளிடம் சொன்னேன். பின்னேற்பைப் புரிந்துகொண்டு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு இதர பொருள்ல கேக்கறேன் மாமா. நீங்க எழுதிக் குடுங்க, வாயில சொன்னா விட்டுடுவாங்க."

பழைய எழுத்தரின் நடை என் விரலில் இன்னும் இருந்தது. தாள் எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, நிறுத்தி எழுதினேன்: 'மேற்படி குறுக்குப் பாதையில் இரவு நேரங்களில் போதிய வெளிச்சம் இல்லாததால், வாக்காளர்களின் நலன் கருதி, இரண்டு தெருவிளக்குகள் அமைக்க மன்றம் ஆவன செய்ய வேண்டுமாய்…' படித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கி, என் பேனாவையும் வாங்கி, ஒரு சொல்லை அடித்தாள்.

"வாக்காளர்னு வேணாம் மாமா. அந்தப் பக்கம் நடக்கிற பசங்க யாருக்கும் இங்க ஓட்டு இல்ல" என்று சொல்லி, மேலே சின்ன எழுத்தில், 'அவ்வழியே நடந்து செல்வோரின்' என்று எழுதினாள்.